இழை எடுக்கப் போய் வா

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் நீ "சாப்பிட்டேன், வேலை இருக்கு" என்று நாலு வார்த்தையில் முடித்துவிடுகிறாய். உன் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகிறது. மனசு கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

திருக்கார்த்திகை முடிந்தது. புது வேட்டியிலிருந்து தினம் ஒரு இழை உருவி வைக்கிறேன். 21 சேர்ந்ததும், மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் நம் நகரத்தார் செட்டிமாருடைய பிள்ளையார் நோன்பு. அந்த இழைகளைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்த மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதுதானே இழை எடுப்பது. போன வருசம் நீ வரவில்லை. நடந்ததைக் கேள்.

வீட்டு வளவு நிறையப் பங்காளிகள். ஆவாரம்பூ, பொரி, பணியாரம் எல்லாம் வைத்துப் பெரியப்பச்சி இழை கொடுக்க உட்கார்ந்தார். உன் அக்கா ஆச்சியின் மகனுக்கு விவரம் தெரிந்து அதுதான் முதல் நோன்பு. இழைமாவில் திரி எரிவதைப் பார்த்தான். பிறந்தநாள் கேக் என்றே நினைத்துவிட்டான் போல, 'பூ' என்று ஊதி அணைத்துவிட்டுக் கையும் தட்டினான். பெரியப்பச்சி மறுபடி ஏற்றினார். மறுபடி ஊதினான். அடுத்த முறை அவன் ஊதவே வேண்டியிருக்கவில்லை. சிரித்தே பார்த்திராத பெரியப்பச்சிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்து, அந்த மூச்சிலேயே சுடர் அணைந்தது. வளவே குலுங்கியது. பங்குத் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் உன் ஆச்சி இழையைச் சுடரோடு தன் வாயில் போட்டுக் காட்டிய பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். வெல்லமும் நெய்யும் நாக்கில் பட்டதும் "இன்னொண்ணு" என்றான். மாசமாக இருக்கிறவர்களுக்குத்தான் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து ரெண்டு என்று அப்பத்தா சொல்ல, "எனக்கும் வயிறு இருக்கே!" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

இதையெல்லாம் போனில் பார்த்தால் ருசிக்காது தம்பி. சிரிப்புக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். இப்போது நீ இருக்கும் அதே சிங்கப்பூரில், செட்டிமார் தொழிலும் தங்கலுமாக இருந்த மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் உன் ஐயா இருந்த காலத்தில், வீட்டை விட்டு வருசக்கணக்காகப் பிரிந்திருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்துதான் இழை எடுத்தார்களாம். ஊருக்கு வந்து அவர் சொன்ன வேடிக்கைக் கதை அத்தனையும் அந்தக் கிட்டங்கியில் நடந்தவை.

அங்கே இப்போதும் நகரத்தார் கூடி நோன்பு கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு மட்டும் லீவு போட்டுவிட்டுப் போ. இழை எடுத்ததும் ஓடி வந்துவிடாதே, நோன்புச் சாமான் ஏலம் வரைக்கும் இரு. ஒரு பொட்டலம் உப்புக்கு மச்சான்மார் போட்டி போட்டு விலையை ஏற்றுவதைப் பார்க்கவே போகலாம். நீயும் ஒரு விலை கேட்டு வை.

உப்பை யார் எடுத்தார்கள், எந்தப் பிள்ளை சுடரை ஊதியது என்று அன்று ராத்திரியே போன் போட்டுச் சொல். எந்நேரமானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
ஆத்தா