கில்காமெஷைச் சுருக்குவோருக்கும் மேடையேற்றுவோருக்கும் ஒரு திறந்த மடல்

நாடகக் குழுவினருக்கும், சிறுவர்களுக்காகப் பழங்காவியங்களைச் சுருக்கி எழுதுவோருக்கும் வணக்கம்.

உருக் நகரத்து மன்னன் கில்காமெஷைப் பற்றிய பழைய மெசபொத்தேமியக் காவியம் இது. அதன் பன்னிரண்டு களிமண் பலகைகளை ஒன்றரை மணி நேரத்தில் அடக்க வேண்டுமென்றால் வெட்டாமல் முடியாது. எதை வெட்டுகிறீர்கள் என்பதில்தான் எங்களுக்கு மனத்தாங்கல். பெரும்பாலும் மன்னனின் உயிர் நண்பன் என்கிடுவின் சாவு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அடுத்த காட்சியிலேயே மன்னன் சாகாவரம் தேடிக் கிளம்பிவிடுகிறான். நட்பு ஒரு கதை, தேடல் இன்னொரு கதை என்றாகிவிடுகிறது.

ஏழாம் பலகையில் என்கிடு பன்னிரண்டு நாள் நோயில் கிடக்கிறான். போர்க்களத்தில் விழாமல் படுக்கையில் சாகிறோமே என்பது அவன் குமுறல். நண்பனைப் புதைக்கவிடாமல் ஆறு பகல் ஏழு இரவு அழுகிறான் கில்காமெஷ். பிணத்தின் மூக்கிலிருந்து புழு விழுந்த பிறகுதான் விடுகிறான். அருவருப்பு என்று இந்தப் புழுவை நீக்கிவிடுகிறீர்கள். தனக்கும் இதுதான் கதி என்ற அச்சம் அவனைப் பிடிப்பது இந்த இடத்தில். இதை எடுத்துவிட்டால் அவன் ஏன் காட்டிலும் மேட்டிலும் அலைகிறான் என்பதற்குக் காரணமே இல்லாமல் போகும்.

பத்தாம் பலகையில் மதுக்கடை நடத்தும் சிதுரியிடமும், படகோட்டி ஊர்ஷனாபியிடமும், ஊழிவெள்ளத்தில் பிழைத்துச் சாகாவரம் பெற்ற உத்தநபிஷ்டியிடமும் அவன் ஒரே புலம்பலைச் சொல்கிறான். கூறியது கூறல் என்று இரண்டைத் தள்ளிவிடாதீர்கள். ஒப்பாரி அப்படித்தான் நடக்கும். நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம், மூன்று முறை வர வேண்டும்.

உத்தநபிஷ்டி இருக்கும் இடத்துக்குப் படகில் போக வெட்டும் முந்நூறு கழிகளும் அப்படியே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ முப்பது மீட்டர் நீளம். வழியிலுள்ள சாவுநீரைக் கை தொடக் கூடாது என்பதால் கழி ஊன்றிப் போகிறார்கள். படகைப் பத்திரமாகக் கடத்திவந்த கல் உருவங்களை ஆத்திரத்தில் கில்காமெஷே உடைத்துவிட்டதால்தான் இத்தனை கழி தேவைப்பட்டது. உடைப்பதைக் காட்டாமல் கழியை மட்டும் காட்டினால் அது வெறும் கணக்கு.

அடுத்தது தூக்கச் சோதனை. சாவை வெல்ல வந்தவன் ஆறு பகல் ஏழு இரவு விழித்திருக்க வேண்டும், உட்கார்ந்தவுடன் தூங்கிவிடுகிறான். எழுந்தால் பொய் சொல்வான் என்று தெரிந்தே உத்தநபிஷ்டி தன் மனைவியை நாளுக்கொரு ரொட்டி சுட்டுத் தலைமாட்டில் வைக்கச் சொல்கிறான். முதலாவது காய்ந்து கட்டியாகி, இரண்டாவது தோல்போலாகி, மூன்றாவது நசநசத்து, நான்காவது வெளுத்து, ஐந்தாவது சாம்பல்நிறப் பூஞ்சை பிடித்து, ஆறாவது புதிதாக, ஏழாவது தணலில் இருக்கும்போது அவனைத் தொட்டு எழுப்புகிறார்கள். இப்போதுதான் கண் அயர்ந்தேன் என்கிறான். மேடையில் ஏழு ரொட்டிகளையும் வரிசையாக வையுங்கள். நண்பனுக்காக விழித்து அழுத அதே ஆறு பகலும் ஏழு இரவும் இங்கே தூக்கத்தில் போவதைப் பார்வையாளர் தாமாகவே கண்டுகொள்வார்கள்.

நேரம் போதவில்லையா? பதினோராம் பலகையின் வெள்ளக் கதையில் கை வையுங்கள். பலகையில் பாதிக்கும் மேல் அதுதான். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். 1872-ல் லண்டனில் பலகை எழுத்தைப் படித்தறிந்த ஜார்ஜ் ஸ்மித் அதைப் படித்துக் காட்டியதிலிருந்து அதற்கு அளவுக்கு மீறிய புகழ்.

காலில் கல்லைக் கட்டி மூழ்கி கில்காமெஷ் எடுத்துவரும் செடி சாகாவரம் தருவதல்ல, கிழவனை இளைஞனாக்குவது. ஊருக்குக் கொண்டுபோய் முதலில் ஒரு முதியவருக்குக் கொடுத்துப் பார்ப்பது அவன் திட்டம். குளிர்ந்த குளத்தில் குளிக்கும் நேரத்தில் பாம்பு அதைக் கவ்விக்கொண்டு சட்டை உரித்துப் போகிறது.

முடிவில் உடல் அழியும், புகழ் நிற்கும் என்ற வசனத்தைச் சேர்க்காதீர்கள். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. ஊர்ஷனாபியை உருக் நகரத்து மதிலில் ஏறி அடித்தளத்தையும் செங்கல்லையும் பார்க்கச் சொல்கிறான். பிறகு நகரின் அளவு: ஊர், பேரீச்சந்தோப்பு, களிமண் குழி, கோயில். அத்தோடு திரையை இறக்குங்கள். பன்னிரண்டாம் பலகை பழைய சுமேரியப் பாடல் ஒன்றின் பகுதி, பின்னால் சேர்த்தது. அதில் என்கிடு மறுபடி உயிரோடு வருவான், அதையும் நடித்தால் நாடகம் குழம்பும்.