வடாம் எடுக்காத தம்பிக்கு

தம்பி,

வருகிற சனிக்கிழமையோடு நீ டயாலிசிஸ் போக ஆரம்பித்து நான்கு வருஷம். ஊசி, அதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா, அளந்து குடிக்கும் தண்ணீர் பற்றியெல்லாம் உனக்கே நான் எழுதினால் சிரிப்பாய். போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள். சில பெயர்களை விட்டுவிடுகிறேன்.

நம் வீட்டு ஆல்போர்ட் நோய் என் மகனுக்கும் இருக்கிறதா என்று பார்க்க, மரபணுப் பரிசோதனைக்கு நேற்று ரத்தம் கொடுத்தாயிற்று. அவன் சிறுநீரில் ரத்த அணுக்கள் போவது போன வருஷமே தெரியும். "நாளைக்கு அவனுக்குப் பெண் கொடுப்பார்களா?" என்று தடுத்தது யார் என்பது இங்கே வேண்டாம். அவனுக்கு எட்டு வயது!

மொட்டைமாடி நினைவிருக்கிறதா? எனக்குப் பதினைந்து, உனக்குப் பன்னிரண்டு. மே மாதம், திடீரென்று மேகம். "வடாம் நனையுதுடா, எடு" என்று கீழேயிருந்து நாலைந்து முறை கத்தினேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு காற்றாடி பார்த்துக்கொண்டிருந்தாய். எல்லாம் கூழாகிவிட்டது. ஏறி வந்து அறைந்தேன். "எப்பக்கா கூப்பிட்ட?" என்றாய். பொய் சொல்வதாக நினைத்து இன்னொன்று வைத்தேன். அதே நேரம் தெருவிலிருந்து அப்பா ஒரே ஒரு தடவை கூப்பிட்டார், ஓடினாய். அப்பா குரல் கேட்கிறது, என் குரல் மட்டும் கேட்காதா என்று எனக்கு மேலும் ஆத்திரம் வந்தது.

கேட்கத்தான் இல்லை. வருஷங்கள் கழித்து உன் செவித்திறன் வரைபடத்தைப் பார்த்தேன். தாழ்ந்த ஒலிகள் வரை கோடு நேராக வந்து, கீச்சு ஒலிகளில் சடாரென்று கீழே இறங்கியிருந்தது. அப்பாவுடையது கட்டைக் குரல், என்னுடையது விசில். சிறுநீரக வடிகட்டியின் சவ்வில் நான்காம் வகை கொலாஜன் என்ற புரதத்தின் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்டு வலையாகின்றன. நம் வீட்டில் ஐந்தாம் ஆல்ஃபா இழை பழுது. அது இல்லாமல் மற்ற இரண்டும் சேர்வதில்லை; கருவிலிருந்த பழைய வலையே தங்கிப்போய், நாளடைவில் பிய்கிறது. உள்காதிலும் அதே இழைகள்தான்.

அன்று நானும் சின்னப் பெண். அம்மாவின் திட்டுக்குப் பயந்துதான் அடித்தேன். இருந்தாலும் அடித்தது காதில்.

லண்டனில் ஆல்போர்ட் என்ற மருத்துவர் 1927-லேயே ஒரு குடும்பத்தைப் பார்த்து, சிறுநீரகமும் காதும் சேர்ந்தே கெடுவதை எழுதிவிட்டார். நம் பெரியமாமா இருபத்தாறு வயதில் போனபோது ஊர் சொன்னது, குடி. அவர் குடித்ததே இல்லை.

இனி அந்த விஷயம். அம்மா சிறுநீரகம் தர வந்தாள். அவளுக்கே ரத்தமும் புரதமும் போகிறது, வேண்டாம் என்றார்கள். அடுத்து நான், எனக்கும் ரத்தம். "புருஷன் தடுத்துட்டான்" என்று நீ பலரிடம் சொன்னது என் காதுக்கு வந்தது. (என் காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.) ரிப்போர்ட்டை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த ரிப்போர்ட்டைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. கொடுக்காததற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த நிம்மதிக்குக் கேட்கிறேன்.

ஆனால் நீ? உனக்கு எப்படி இருக்கிறது என்று என்னை ஒருநாளாவது கேட்டாயா? பழுதான மரபணு உள்ள பெண்களான எங்களுக்குக் 'கேரியர்' என்று பெயர், சும்மா சுமந்து போகிறவர்களாம். இதே நோயுள்ள ஐரோப்பியக் குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வில், நாற்பது வயதுக்குள் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் ஆண்களில் 90 சதவீதம், பெண்களில் 12 சதவீதம். அந்தப் பன்னிரண்டில் நான் இருக்கிறேனா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன், தனியாக.

உன் மடியில் உட்கார வைத்துத்தான் இவனுக்குக் காது குத்தினோம். பெரியமாமா, நீ, இவன். தாய்மாமன் சீர் இந்த வழியிலும் வரும் என்று யார் கண்டது? பரிசோதனையில் உறுதியானால் ராமிப்ரில் என்ற மருந்தை ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர். நோயை வருஷக்கணக்கில் தள்ளிப்போடுமாம். உனக்கு அது கிடைக்கவில்லை. உன்னை யாரும் பரிசோதிக்கவே இல்லை, அடிக்கத்தான் செய்தோம்.

சனிக்கிழமை உனக்கு முடிகிற நேரத்துக்கு வாசலில் நிற்பேன், பையனோடு. காது மெஷினைப் போட்டுக்கொண்டு வெளியே வா. என்னைப் பார்த்ததும் கழற்றிச் சட்டைப்பையில் போடுகிற வேலையெல்லாம் வேண்டாம்.

அக்கா