கிர்க்கின் அடியில் கிணறுகள்: சென்னையில் பாரம்பரிய நடை நடத்தும் நண்பர்களுக்கு

வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக விடிகாலையில் எழுந்து, முன்பின் தெரியாத நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறீர்கள். அந்த உழைப்பின் மேல் மரியாதை உண்டு. அந்த உரிமையில்தான் ஒரு குறையைச் சொல்கிறேன். எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் ஆலயத்துக்கு, அதாவது கிர்க்குக்கு (ஸ்காட்லாந்து வழக்கில் தேவாலயம்), மூன்று வெவ்வேறு குழுக்களோடு வந்திருக்கிறேன். மூன்றிலும் ஒரே வசனம்: "லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் நகல். மேலே பாருங்க, நீல விதானம், தங்க நட்சத்திரம்." எல்லோரும் அண்ணாந்து படம் எடுப்போம். பத்தாவது நிமிடம் வேன் கிளம்பிவிடும்.

முதலில், நகல் என்பதே பாதிதான் சரி. முகப்பும் கோபுரமும் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்த அந்த செயின்ட் மார்ட்டினைப் பார்த்து எழுந்தவை. உள்ளே போனால் கதை வேறு. லண்டனில் நீள்சதுரம், இங்கே வட்டம். கிப்ஸும் முதலில் வட்டமாகத்தான் வரைந்து கொடுத்தார். செலவு தாங்காது என்று அங்கே ஒதுக்கிவிட்டார்கள். அவர்கள் கைவிட்ட அந்த யோசனைக்கு, ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து மெட்ராஸில் உயிர் கொடுத்தவர் தாமஸ் டி ஹாவிலண்ட்.

அவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் பொறியாளர். 1775இல் கெர்ன்சி தீவில் பிறந்தவர். 1809இல் மெட்ராஸ் ராணுவ அதிகாரிகள் கலகம் செய்தபோது அதில் சேர்ந்து வேலை இழந்து, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டவர். பிடிவாதக்காரர் என்றும் தெரிகிறது. காவிரிக்குக் குறுக்கே அகலமான செங்கல் வளைவுகளால் பாலம் கட்டலாம் என்று காட்ட, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தன் தோட்டத்திலேயே நூறடிக்கும் மேல் அகலமான வளைவு ஒன்றை எழுப்பினார். பாலம் வரவில்லை. வளைவு மட்டும் 1930கள் வரை நின்றது.

அந்த ஆளுக்கு எழும்பூரில் கிடைத்தது வெள்ளம் தேங்கும் களிமண். 1818இல் அடிக்கல் நாட்டப்பட்டபோது அவர் வழக்கமான அஸ்திவாரப் பள்ளம் தோண்டவில்லை. ஏறத்தாழ 150 கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் கட்டடத்தை உட்காரவைத்தார். ஆழம் 14 அடியிலிருந்து 50 அடி வரை. 1821இல் ஆலயம் திறந்தது. கிரேக்க, ரோமானியத் தூண்களை அவர் தன் நாட்டு மரபிலிருந்து கொண்டுவந்தார். அடித்தளம் இந்த நாட்டு வித்தை.

என் தாய்மாமா கடலூர்ப் பக்கம் உறைகிணறு இறக்கியவர். சிறுவயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வளையம் போன்ற உறையைத் தரையில் வைத்து, உள்ளே உட்கார்ந்து மண்ணை அள்ளுவார்கள். உறை தன் கனத்திலேயே மெல்ல இறங்கும். மேலே அடுத்த உறை ஏறும். ஒரு பக்கம் சாய்ந்தால் மாமா தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கெழக்கால சுரண்டுடா" என்பார். எதிர்ப்பக்கம் சுரண்டினால் நிமிரும். அவசரப்பட்டு ஒரே பக்கம் அள்ளியவனை அவர் திட்டுகிற திட்டை இங்கே எழுத முடியாது. ஒரு கிணற்றுக்கே இந்தப் பாடு. எழும்பூர்க் களியில் 150!

அங்கே மண் அள்ளியவர்களைப் பற்றி ஒரு நடையிலும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீங்கள் காட்டுகிற அந்த நீல விதானத்திலும் இதே கதைதான். செங்கல் சட்டங்களுக்கு இடையே நிரப்பியிருப்பது சுட்ட மண் கூம்புகள்; கனம் குறைய வேண்டும் என்பதற்காக. பளிங்கு என்று பலரும் தடவிப் பார்க்கும் தூண்களில் மின்னுவது மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு. கிளிஞ்சலைச் சுட்டு, சாந்தாக அரைத்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மினுக்கு அது.

ஆகவே ஒரு விண்ணப்பம். அடுத்த முறை உள்ளே அழைத்துப் போவதற்கு முன், வெளிச்சுவர் ஓரம் ஐந்து நிமிடம் எல்லோரையும் நிறுத்துங்கள். காலுக்குக் கீழே இருப்பதைச் சொல்லுங்கள். மாமாவுக்கு இப்போது முழங்கால் சரியில்லை, வாய்க்கு ஒன்றும் குறைவில்லை. பஸ் செலவு கொடுத்தால் போதும், கூட்டி வருகிறேன். தூக்குக்குண்டையும் எடுத்து வரச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நடைகளில் கடைசி வரிசையில் வருபவன்