குமரனின் வானிலை ஆங்கிலம்

பினாங்கு

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குமரன் வீட்டுக்கு வந்திருந்தான். நன்றாகச் சாப்பிட்டான், கவலைப்படாதே.

பத்து பெரிங்கி கடற்கரை ஹோட்டல் வேலை அவனுக்குப் பிடித்துவிட்டது. ஒரே குறை நீ எழுதியதுதான். வெளிநாட்டு விருந்தினர் காலையில் இறங்கி வந்ததும் மழையைப் பற்றிக் கேட்கிறார்களாம். அவன் வாயில் 'ஹாட்', 'ரெய்னி' தவிர வேறு வருவதில்லை. கடலுக்குப் போகலாமா, காத்திருக்கலாமா என்று தெரிந்துகொள்ளத்தானே அவர்கள் கேட்கிறார்கள்! அதனால் வானம் மாறும் வரிசையிலேயே சொல்லிக் கொடுத்தேன். இருட்டிக்கொண்டு வந்தால் 'இட்ஸ் க்ளவுடிங் ஓவர்'. காற்று வலுத்தால் 'த விண்ட் இஸ் பிக்கிங் அப்'. கொட்டும்போது 'இட்ஸ் பெல்டிங் டவுன்'. கொஞ்சம் விட்டால் 'இட்ஸ் ஈஸிங் ஆஃப்', வெளுத்தால் 'இட்ஸ் க்ளியரிங் அப்'. கொட்டும் மழைக்கு நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்', அந்தப் பூனையும் நாயும் அவனுக்கு வேண்டாம். இன்று அப்படிப் பேசுகிறவர்கள் குறைவு.

அப்புறம், இந்த ஊர் வானத்தையும் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் காற்றும் இடியுமாக வரும் மழை பெரும்பாலும் ஓரிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதற்கு 'இட் ஷுட் ப்ளோ ஓவர் சூன்' பொருத்தமாக இருக்கும். செப்டம்பர், அக்டோபர் மழை வேறு ரகம். வருஷத்திலேயே அப்போதுதான் இங்கே அதிகம் பெய்யும். ஆண்டு இறுதியில் கிழக்குக் கரையிலுள்ள கிளந்தான், திரெங்கானுவை நனைக்கும் வடகிழக்குப் பருவமழையை இங்கே வராமல் நடுவிலுள்ள மலைத்தொடர் பெருமளவு தடுத்துவிடுகிறது. 'மான்சூன்' என்று படித்துவிட்டுப் பயப்படும் விருந்தினருக்கு இதை அவன் விளக்கினால் அவர்கள் விடுமுறையே மாறிவிடும்.

ஆனாலும் உறுதி கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் இந்தத் தீவு மூழ்கியதை நாம் மறக்க முடியுமா? எதைச் சொன்னாலும் முன்னால் 'இட் லுக்ஸ் லைக்' சேர்த்துக்கொள்ளட்டும். வானிலைத் துறையான மெட்மலேசியாவின் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். பிள்ளை கெட்டிக்காரன், சீக்கிரம் பிடித்துக்கொள்வான்.

தைப்பூசத்துக்கு நீ கட்டாயம் வர வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் சேர்ந்தே போவோம். ஜனவரி, பிப்ரவரியில் இங்கே மழை குறைவு, வெயில்தான் கடுமை. பட்டர்வொர்த் ரயிலுக்கு இப்போதே டிக்கெட் எடுத்துவிடு, பண்டிகை நேரத்தில் கிடைக்காது.

அன்புடன்,
மல்லிகா