நாய்க்கு இதயப்புழு மாத்திரை: சீட்டு கேட்காமல் விற்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அனுப்பானடியில் குடியிருக்கிறேன். வீட்டில் ஒரு சிப்பிப்பாறையும், தெருவிலிருந்து வந்து எங்களோடு தங்கிவிட்ட இன்னொரு நாயும் இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு மருந்தில் சந்தேகம் வந்தால் செல்போனோடு என்னிடம் வந்துவிடுவார்கள். "அக்கா, இதை வாங்கலாமா?" என்று அவர்கள் காட்டுவதில் இப்போது அதிகம் வருவது இதயப்புழுத் தடுப்பு மாத்திரை. அதை ஆன்லைனில் விற்கிற முறையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதயப்புழு கொசுக்கடியால் பரவுவது. நோயுள்ள நாயின் ரத்தத்தைக் குடித்த கொசுவுக்குள் குஞ்சுப் புழு வளர்ந்து, அந்தக் கொசு அடுத்த நாயைக் கடிக்கும்போது உள்ளே இறங்குகிறது. ஆறேழு மாதத்தில் நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களிலும் இதயத்திலும் முழுப் புழுவாகிவிடும். ஒரு அடி நீளம் வரை வளரும், 5 முதல் 7 ஆண்டுகள் உயிரோடு இருக்கும். நாய் இருமும், கொஞ்ச தூரம் ஓடினாலே மூச்சு வாங்கும், முற்றிப்போனால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நிலையில் கொடுக்கும் மெலார்சோமின் என்ற ஊசிமருந்து ஆர்செனிக் கலந்தது. முதுகுத் தசையில் ஆழமாகப் போட வேண்டும். செத்த புழு ரத்தக்குழாயை அடைத்துவிடக் கூடாது என்பதற்காக நாயை மாதக்கணக்கில் ஓடவிடாமல் வைத்திருக்க வேண்டும். அதனால் வரும் முன் தடுப்பதுதான் நல்லது. கிருதுமால் நதியும் பந்தல்குடி வாய்க்காலும் சாக்கடையாக ஓடுகிற ஊர் நம்முடையது. கொசுவை ஆராய்வதற்கென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சின்ன சொக்கிகுளத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது. கொசுவால் வரும் நோயைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மாத்திரையை விற்கிறவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை கொடுக்கும் இந்த மருந்து கொசு கடிப்பதைத் தடுக்காது. கடந்த ஒரு மாதத்தில் உள்ளே போன குஞ்சுப் புழுக்களைக் கொல்லும், அவ்வளவுதான். ஏற்கெனவே பெரிய புழுக்கள் குடியிருந்து, அவை ஈன்ற நுண்புழுக்கள் ரத்தத்தில் நிறைந்திருந்தால், சில மருந்துகள் அவற்றை ஒரே நேரத்தில் கொன்றுவிடும். அப்போது நாய் அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். ஈறு வெளுத்து, நிற்க முடியாமல் விழுந்துவிடும். அதனால்தான் முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மாத்திரை என்று வைத்திருக்கிறார்கள். 7 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு மட்டும் சோதனை இல்லாமல் தொடங்கலாம், ஏனென்றால் புழு இருந்தாலும் அந்த வயதில் சோதனையில் தெரியாது. அதற்கும் பின்னால் ஒருமுறை சோதித்தாக வேண்டும். வளர்ந்த நாய்க்குச் சோதனை கட்டாயம். நடுவில் சில மாதம் மாத்திரை விட்டுப்போயிருந்தால், டாக்டர் மறுபடி சோதிக்கச் சொல்வார்.

பணியின் ஆரம்ப காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தேன். அங்கே யானைக்கால் நோய்க்காக இரவு நேரத்தில் வீடு வீடாகப் போய் விரல் நுனியில் ரத்தம் எடுப்பார்கள். அந்தப் புழு ராத்திரியில்தான் மேல் ரத்தத்துக்கு வரும். நாய் இதயப்புழுவும் யானைக்கால் புழுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதைத் தெரிந்துகொண்ட ஒருவர், வீட்டில் மிச்சமிருந்த யானைக்கால் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். கொடுக்கவே கூடாது. ரத்தத்தில் நுண்புழு உள்ள நாய்க்கு அந்த டிஇசி மாத்திரை உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பெட்டிகளில் இதயம் படம் போட்டு வரும் இந்த நோய் நம் நாட்டில் வடகிழக்கு மாநிலங்களில்தான் அதிகம். தென்னிந்தியாவில் நாய்களிடம் அதிகம் காணப்படுவது அதன் உறவான டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ், அதாவது தோலுக்கடியில் வாழும் புழு. கேரளாவில் அது மனிதர்களின் கண்ணிலிருந்துகூட எடுக்கப்பட்டிருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டின் நுண்புழுக்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு நாய்க்கு எந்த மருந்து, எப்போது தொடங்குவது என்பதை ரத்தத்தைப் பார்த்த கால்நடை மருத்துவர்தான் சொல்ல முடியும். செல்போன் திரையில் இருக்கும் 'வாங்கு' பொத்தானுக்கு அது எப்படித் தெரியும்?

எங்கள் தெருவில் பீகிள் வளர்க்கும் தம்பி ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஓர் இணையதளத்தில் மாத்திரை தேடியிருக்கிறார். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டதற்கு 'இல்லை' என்று போட்டதும், சில கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று வந்திருக்கிறது. ஆமாம், இல்லை என்று குறித்தால் போதும். பார்சல் வந்தபோது, உள்ளே வேறு மாநிலத்து டாக்டர் பெயரில் அச்சடித்த சீட்டும் இருந்தது. அந்த டாக்டர் நாயைப் பார்க்கவில்லை, இவரிடம் பேசவும் இல்லை. சீட்டில் எடை எழுதும் இடம் காலி. வந்ததோ 23 முதல் 45 கிலோ வரையுள்ள நாய்க்கான பெட்டி. பீகிளின் எடை சுமார் 12 கிலோ. "பெரியதுதான் தள்ளுபடியில் இருந்தது, வெட்டிக் கொடுத்துக்கலாம்னு நினைச்சேன்" என்றார். மெல்லும் மாத்திரையில் மருந்து எல்லாப் பக்கமும் சமமாகக் கலந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வெட்டினால் ஒரு மாதம் குறைவாகவும் ஒரு மாதம் கூடுதலாகவும் போகும். நான் வற்புறுத்தியதால் முதலில் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனார். ரத்தத்தில் நுண்புழு இருந்தது. இதயப்புழுச் சோதனையில் இல்லை என்று வந்ததால், தோலடிப் புழு என்று முடிவு செய்து டாக்டர் தன் கண்காணிப்பிலேயே வேறு மருந்து கொடுத்தார். அந்தப் பெட்டி பிரிக்கப்படவே இல்லை.

அளவு எவ்வளவு நுணுக்கமானது என்பதை மருந்து கொடுத்துப் பழகியவள் என்ற முறையில் விளக்குகிறேன். ஐவர்மெக்டின் என்றால் கொரோனா காலத்திலிருந்து எல்லோருக்கும் பெயர் தெரியும். இதயப்புழுவைத் தடுக்க நாயின் ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம் போதும். 10 கிலோ நாய்க்கு 60 மைக்ரோகிராம். அதே மருந்தைத் தேடும்போது மாட்டுக்கான 1 சதவீத ஊசிமருந்தும் மலிவாக வந்து நிற்கிறது. அதில் ஒரு மில்லியில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. நம் 10 கிலோ நாய்க்கு வேண்டியது 0.006 மில்லி. இன்சுலின் சிரிஞ்சின் ஒரு கோட்டுக்கும் குறைவான அளவு அது. 0.1 மில்லி போனால் 16 மடங்குக்கும் மேல். கோலி இன நாய்கள் பலவற்றுக்கு, இந்த மருந்து மூளைக்குள் போகாமல் தடுக்கும் மரபணுவிலேயே குறை உண்டு. அவற்றுக்கு அந்த 0.1 மில்லியே நஞ்சாகலாம். மனிதர்களுக்கான 12 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கச் சொல்லும் வீடியோக்களும் சுற்றுகின்றன. தயவுசெய்து அதை நம்பாதீர்கள்.

ஆன்லைன் விற்பனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ இருப்பவருக்கு இந்த மருந்து பக்கத்துக் கடையில் கிடைக்காது. விலையிலும் வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த மாத்திரைகளை ஆன்லைனில் வாங்குவது சாதாரணம், ஆனால் அங்கே சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஒழுங்கான கடை மருத்துவரைத் தொடர்புகொண்டு சீட்டைச் சரிபார்த்த பிறகே அனுப்பும். நாயைப் பார்க்காமல், உரிமையாளர் நிரப்பிய படிவத்தை மட்டும் பார்த்து எங்கள் டாக்டரே சீட்டு தருவார் என்று சொல்லும் தளத்திடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகமே மக்களிடம் சொல்கிறது. பீகிள் தம்பிக்கு வந்தது அப்படிப்பட்ட சீட்டுதான்.

நம் நாட்டில் இணையவழி மருந்து விற்பனைக்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விதிகள் வரும்வரை ஆன்லைன் மருந்து விற்பனை கூடாது என்று தடை விதித்தார். பிறகு அமர்வு அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. வரைவு வரைவாகவே நிற்கிறது. மனிதர்களுக்கான மருந்துக்கே இந்த நிலை என்றால், வாய் பேசாத ஜீவன்களுக்கான மருந்தை யார் கவனிப்பது? எனக்கு இதில் வருத்தம் மட்டுமல்ல, கோபமும் இருக்கிறது. காலாவதித் தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அச்சிட்ட மருந்து, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக் கூரியர் கிடங்கில் நாள் முழுக்க வேகிறது.

மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, செல்லப்பிராணி மருந்து விற்கும் தளங்களிடமிருந்து சீட்டுகளின் நகலை வரவழைத்துப் பார்க்க வேண்டும். நாயின் எடை, சோதனை முடிவு, நாயை நேரில் பார்த்த தேதி, மருத்துவரின் பதிவு எண் இல்லாத எதையும் சீட்டாக ஏற்கக் கூடாது. கால்நடை மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மேசை டிராயரிலிருந்து எடுத்துத் தரும் மாத்திரைக்கும் சீட்டு எழுதிக் கொடுங்கள். அதில் மருந்தின் மூலப்பெயரும் நாயின் எடையும் இருந்தால், நாய் வளர்ப்பவர் எங்கே வாங்கினாலும் சரியானதை வாங்குவார்.

சோதனைக்கு எங்கே போவது என்று தெரியாமல்தான் பலரும் நேராக மாத்திரைக்குப் போய்விடுகிறார்கள். தல்லாகுளம் கால்நடை பன்முக மருத்துவமனையில் இதயப்புழுச் சோதனைக்கான கிட் எப்போதும் இருப்பில் இருக்கும்படி கால்நடைப் பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் ஏற்பாடு செய்ய வேண்டும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ரத்தம் எடுப்பார்கள், கட்டணம் எவ்வளவு என்று வாசலில் ஒரு பலகையும் வைக்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் செய்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
அனுப்பானடி, மதுரை.