அந்த ஒரு வார்த்தைக்குப் பயப்படாதே

டூங்காபி, சிட்னி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். என் பிள்ளை சீனுவுக்கு இந்த மாதம் 34 வயது முடிகிறது. வாரத்தில் இரண்டு நாள் நர்சரியில் தொட்டிக்கு மண் நிரப்பும் வேலைக்குப் போகிறான். வீட்டுக்கு வந்ததும் நகத்தில் இருக்கும் மண்ணை என்னிடம் காட்டிவிட்டுத்தான் கை கழுவுவான்.

சரி, குமார் விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகள் போன வாரம் மெல்பர்னிலிருந்து இரண்டு தடவை பேசினாள். என்.டி.ஐ.எஸ். என்கிற, ஊனமுற்றோருக்கான இந்த நாட்டுக் காப்பீட்டுத் திட்டத்தின் படிவத்துக்கு டாக்டர் எழுதித் தந்த தாளை உனக்கு வீடியோவில் படித்துக் காட்டினாளாம். 'பாதிப்பு நிரந்தரமானது' என்று வந்த இடத்தில் நீ அழுதுவிட்டு, "அதை அனுப்பாதேம்மா" என்றாயாம். எட்டு வாரமாக அந்தத் தாள் ஃப்ரிட்ஜ் மேலேயே கிடக்கிறது.

பெற்ற வயிறு, எனக்குப் புரியாதா? 41 வயதுப் பிள்ளைக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய் பதினாலு மாதம் ஆகிறது. நாம் வீட்டில் கெட்ட வார்த்தை வாயில் வரக்கூடாது என்று வளர்ந்தவர்கள். அரிசி தீர்ந்துவிட்டது என்றுகூடச் சொல்ல மாட்டாள் உன் அம்மா, 'நிறைந்திருக்கிறது' என்பாள். அப்படி வளர்ந்த உன்னிடம் மகனைப் பற்றி இந்த வார்த்தையைச் சொன்னால் தாங்குமா?

ஆனால் மல்லிகா, அந்தப் படிவம் ஜாதகம் எழுதவில்லை. குமார் இனி தேறவே மாட்டான் என்று அதற்கு அர்த்தம் இல்லை. செய்யக்கூடிய வைத்தியமெல்லாம் செய்த பிறகும் ஏதோ ஒரு குறை வாழ்நாள் முழுக்கத் தங்கும் போலிருக்கிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி. தங்கும் என்றால்தான் கதவு திறக்கும். உள்ளே போன பிறகு, அவன் இன்னும் நன்றாகப் பேசவும் கையை அசைக்கவும் பழகுவதற்கென்றே தனியாகப் பணம் ஒதுக்குவார்கள். அதனால் டாக்டர் 'பக்கவாதம்' என்று ஒரு வரி எழுதினால் போதாது. என்னென்ன சிகிச்சை முடிந்தது, இனி எது பலன் தராது, நடப்பதில், பேசுவதில், புதிதாகக் கற்பதில், நாலு பேரோடு பழகுவதில், குளிப்பது உடுத்துவதில், தன் காரியத்தைத் தானே பார்ப்பதில் அவனுக்கு எங்கே உதவி வேண்டும் என்று எழுத வேண்டும். நம் ஊரில் 40 சதவீதம் என்று சான்றிதழ் வாங்குவதுபோல இங்கே சதவீதக் கணக்கு கிடையாது. அன்றாடம் எது முடியவில்லை என்பதே கணக்கு.

"அடுத்தவர் பணத்தில் என் பிள்ளை வாழணுமா" என்றும் கேட்டிருக்கிறாய். இது யாரும் போடும் தானம் இல்லை. பெயரிலேயே காப்பீடு என்று இருக்கிறது. 2013இல் சட்டம் போட்டார்கள். இதற்குப் பணம் சேர்க்க 2014 ஜூலையிலிருந்து மெடிக்கேர் என்கிற அரசு மருத்துவத்துக்கான வரியை ஒன்றரை சதவீதத்திலிருந்து இரண்டாக ஏற்றினார்கள். குமார் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் சம்பளத்தில் அந்த வரி பிடித்திருக்கிறார்கள். வருமானம் எவ்வளவு, சொத்து எவ்வளவு என்றும் இதில் பார்ப்பதில்லை. 65 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், குடியுரிமையோ நிரந்தர வசிப்பு விசாவோ இருக்க வேண்டும். அவனுக்கு இரண்டும் சரி. ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்குப் பொதுவாகப் பத்து வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும் என்ற விதி உண்டே, அதைக் கேட்டுவிட்டுத்தான் உன் மருமகள் 'நமக்கு எதுவும் கிடைக்காது' என்று இருந்திருக்கிறாள். அது வேறு, இது வேறு. புதிதாக வந்தவர்கள் பல பேர் இந்த இடத்தில்தான் குழம்பி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. 2017இல் சீனுவுக்காக இதே திட்டத்திலிருந்து ஓர் அம்மாள் பேச வந்தார். வீட்டைத் துடைத்து, அவனுக்கு நல்ல சட்டை போட்டு, காபி போட்டு வைத்திருந்தேன். "தானே உடுத்துவாரா?" என்று கேட்டார். "உடுத்துவான்" என்றேன், பெருமையாக. உண்மை என்ன? சட்டையை நான் கட்டிலில் முதுகுப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்து வைக்க வேண்டும். இரண்டாவது பொத்தானில் அவன் நின்றுவிடுவான். பக்கத்தில் நின்று 'அடுத்தது, அடுத்தது' என்று சொல்லிச் சொல்லி நாற்பது நிமிடம் ஆகும். அதில் எதையும் நான் சொல்லவில்லை. "எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று வேறு சொன்னேன். அவனுக்கென்று எழுதி வந்த உதவித் திட்டத்தில் சீனுவுக்கு உதவியாள் என்று ஒருவர்கூட இல்லை. அந்த அம்மாள் மேல் தப்பே கிடையாது, நான் சொன்னதைத்தான் எழுதினார். முடிவு வந்து மூன்று மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம் என்று கோயிலில் பார்த்த ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைசி வாரத்தில் எழுதிப் போட்டேன். அதிலும் சரிவராவிட்டால் மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எங்களுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை.

அதனால் உன் மருமகளிடம் ஒரு நோட்டு போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வாரம், காலையிலிருந்து இரவு வரை, எதற்கு யார் கை கொடுத்தார்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று. நல்ல நாளை மட்டும் எழுதக்கூடாது. அவன் தம்ளரைத் தூக்கி எறிந்த நாளையும் எழுத வேண்டும். அவள் முதலில் தயங்கினாள், "அவரைப் பற்றிக் குறை சொல்கிற மாதிரி இருக்கே ஆன்ட்டி" என்று. அவள் ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பது அந்த நோட்டில் வராவிட்டால் வேறு எங்கேயும் வராது.

பேச்சுப் பயிற்சி விஷயம் ஒன்று. குமாருக்குத் தமிழ் கொஞ்சம் வருகிறது, இங்கிலீஷ் சுத்தமாக நின்றுபோய்விட்டது என்றாள். இங்கிலீஷில் மட்டும் சோதித்துப் பார்த்தால் அவனிடம் மிச்சம் இருப்பது தெரியாமலே போகும். பயிற்சியாளரிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கச் சொல். 131 450 என்ற எண்ணில் கிடைப்பார்கள், இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அது இலவசம். பேத்தியை மொழிபெயர்க்க உட்கார வைக்க வேண்டாம். அப்பாவின் மலச்சிக்கலையும் மனச்சோர்வையும் பன்னிரண்டு வயதுக் குழந்தை ஏன் இங்கிலீஷில் சொல்ல வேண்டும்?

திட்டம் கைக்கு வந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. பணம் உங்கள் கணக்கில் மொத்தமாக வந்து விழாது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு பகுதியாகத் திறந்துவிடுவார்கள். பில் கட்டிக் கணக்கு வைக்க 'பிளான் மேனேஜர்' ஒருவரைக் கேட்கலாம், அவர் கூலியும் திட்டத்திலேயே தனியாக வரும், குமாரின் பங்கில் குறையாது. பேச்சுப் பயிற்சிக்கு 2025-26இல் ஒரு மணி நேரத்துக்கு 193.99 டாலர் வரை வாங்கலாம் என்று இருந்தது. அதனால் எத்தனை மணி நேரம், ரிப்போர்ட் எழுதுவதற்கு எவ்வளவு என்று முதலிலேயே ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. நம்மவர் என்று தமிழில் சிரித்துப் பேசி, படிக்க விடாமல் கையெழுத்து வாங்கிப் போனவரையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பம் நாலு மாதத்தில் ஒரு வருடப் பணத்தைத் தொலைத்தது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அடுத்த மாதம் பத்து நாள் மெல்பர்னில் இருப்பேன். சீனுவும் வருகிறான். அதற்குள் படிவம் போய்விட்டால் நல்லது, போய்ச் சேர்ந்து இருபத்தொரு நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. திட்டக் கூட்டம் வந்தால் நான் உன் மருமகள் பக்கத்தில் உட்காருகிறேன்.

சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாய் அல்லவா, அதை விட வேண்டாம். நானும் இங்கே வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது குமார் பெயரைச் சொல்கிறேன். இன்றைக்கு ராத்திரி உன் மருமகளுக்கு நீயே போன் பண்ணு. "அனுப்பிடும்மா" என்று உன் வாயால் சொல்லு. நான் பத்துத் தடவை சொன்னாலும் அவள் காத்திருப்பது உன் வார்த்தைக்குத்தான்.

உன்,
வசந்தா