மண்டபம் ஊரில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

உன் கடல் குதிரை ஆராய்ச்சியில் நீ கொரியரில் அனுப்பிய மூன்றாம் அத்தியாயம் வந்து சேர்ந்தது. உள்ளே எனக்கென்று ஒரு வரியாவது எழுதி வைத்திருப்பாய் என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இல்லை. சரி, வேலை அதிகம் இருக்கும். ராத்திரியே உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டேன். சிவப்புப் பேனாவோடுதான் படித்தேன், ஆனால் திருத்துவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

கடல் குதிரையின் தலையை நீ வரைந்திருக்கும் படத்தை அப்பாவிடம் காட்டினேன். "இதை எம்பொண்ணா வரைஞ்சா?" என்று வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். தாடைகள் இரண்டும் ஒட்டிப்போய் ஒரே குழலாக நீள்வது, நுனியில் பல்லில்லாத சின்ன வாய், கூனி இறால் பக்கத்தில் வந்ததும் தலையை வெடுக்கென்று நிமிர்த்தி, மை ஊற்றும் ஃபில்லர் மாதிரி உறிஞ்சிவிடுவது, எல்லாம் அந்த ஒரே படத்தில் தெரிகிறது. இத்தனை வருஷம் போர்டில் நான் வரைந்தும் இந்தத் தெளிவு வந்ததில்லை. அடுத்த பக்கத்தில் இரைப்பையே கிடையாது என்று எழுதியிருக்கிறாய். உள்ளே போனது தங்காது, அதனால் பகல் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டிய உயிர். கண்ணு, மாசமாக இருக்கும் நீயும் இப்போது அப்படித்தான் சாப்பிட வேண்டும். ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது, வயிறு இடம் கொடுக்காது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எதையாவது வாயில் போடு. மாப்பிள்ளைக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கத் தெரியும்தானே? அதையாவது ஆக்கித் தரச் சொல்.

வகைப்பாட்டுப் பகுதி எனக்குப் புதிது. நான் பாடம் எடுத்த காலத்தில் முதுகில் முள் இருக்கும் ஸ்டிக்கில்பேக் மீன்களோடு சேர்த்துத்தான் கடல் குதிரைகளைச் சொல்லிக் கொடுத்தோம். இப்போது டிஎன்ஏ-வை வைத்துப் பார்த்து அவற்றைத் தூர விலக்கிவிட்டு, நாம் குழம்பு வைக்கிற நவரை மீனைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். படித்ததும் கொஞ்சம் திகைத்துப்போனேன். ஆனால் உடம்பை வளையம் வளையமாகச் சுற்றி நிற்கும் எலும்புத் தகடுகள் மாறவில்லை, இடுப்புத் துடுப்பு இல்லாததும் மாறவில்லை. லேப் ஜாடியில் இருந்த கடல் குதிரையின் உடற்பகுதி வளையங்களைப் பிள்ளைகளை விட்டு எண்ணச் சொல்வேன், 11 வரும். வாலைத் தொட்டால் உருண்டையாக இருக்காது, நாலு பட்டையாகச் சதுரமாக இருக்கும். கடற்புல்லைச் சுற்றிப் பிடிக்க அதுதான் தோது. நீ ஒன்பதாவது படிக்கும்போது அந்த ஜாடி முன்னால் நின்ற நிற்பு எனக்குத் தெரியும். வீட்டுக்கு வரவே மாட்டேன் என்றாயே.

அப்புறம் முட்டைகளைச் சுமக்கும் பையைப் பற்றி. அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆண்தான் சுமக்கிறது என்பது தெரிந்ததுதான், ஆனால் எப்படியெல்லாம் சுமக்கிறது என்று வரிசைப்படுத்தியிருக்கிறாயே, அது நன்றாக இருக்கிறது. கடல் குதிரைக்கு உறவான குழல்மீன்கள் சிலவற்றில் பையே இல்லை, முட்டைகள் வயிற்றடியில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சிலவற்றில் இரண்டு பக்கமும் தோல் மடிந்து வந்து மூடுகிறது. கடல் குதிரையிலோ முழுதாக மூடிய பை, மேலே சின்ன வாய். உள்சுவரில் முட்டை பதிந்து, ரத்தக் குழாய்கள் சூழ்ந்து, மூச்சுக்காற்று தகப்பனிடமிருந்து போகிறது. உள்ளே இருக்கும் நீரின் உப்பைக்கூட நாள் போகப்போகக் கடல்நீருக்குச் சமமாகக் கொண்டுவந்துவிடுகிறது, வெளியே வரும் குஞ்சு தடுமாறக் கூடாதென்று. எத்தனை கரிசனம்!

"கடல் குதிரை மாதிரி இவரே பார்த்துக்குவாரும்மா" என்று போனில் சொன்னாய். அன்றிலிருந்து நீ கூப்பிடவில்லை. மாப்பிள்ளையை நான் குறை சொல்லவில்லை, தங்கமான மனுஷர். ஆனால் நீ எழுதியதையே நீ முழுதாகப் படித்துப் பார். பை திறந்து குஞ்சுகளைத் தள்ளிவிட்டதோடு அந்தத் தகப்பனின் வேலை முடிந்தது. அதற்குப் பின் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நூற்றுக்கணக்கில் பிறந்து, மிகச் சிலதான் வளர்ந்து ஆளாகின்றன. நம் பிள்ளைக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. தண்ணி வார்க்க, தூளி ஆட்ட, ராத்திரி நீ ஒரு மணி நேரமாவது தூங்க, ஆள் வேண்டாமா? பேய்க் குழல்மீனைப் பற்றி நீயே எழுதியிருக்கிறாய், நெருங்கிய உறவு, அங்கே தாய்தான் இடுப்புத் துடுப்புகளைச் சேர்த்துப் பையாக்கி முட்டைகளைச் சுமக்கிறாள் என்று. ஒரே வம்சத்தில் இரண்டும் இருக்கிறது, கண்ணு. ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது?

படகில் ஏறாதே. சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. சாம்பிள் எடுக்க வேறு யாரையாவது அனுப்பு.

இங்கே மஞ்சள் வெட்டி வேக வைத்தாகிவிட்டது. விலை கேட்காதே. உன்னைப் பிரசவத்துக்கு அழைத்துவரும் கட்டுச்சோற்றுக்கு அத்தை நாள் பார்த்துவிட்டு "எப்ப வருது பொண்ணு?" என்று வாசலில் நின்று கேட்கிறாள், என்ன சொல்வது என்று தெரியாமல் காபி போட உள்ளே போய்விடுகிறேன். வராவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்பதற்காகக் கேட்கிறேன் என்று நினைக்காதே. ஊரைப் பற்றி நான் கவலைப்பட்டிருந்தால் உன்னைக் கடலுக்குப் படிக்க அனுப்பியிருக்கவே மாட்டேன்.

செல்வி அக்காவுக்கு நடந்தது உனக்குத் தெரியும். அவளும் தைரியமாகத்தான் இருந்தாள். உன் வீட்டிலிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று போனில் மேப்பைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், ராத்திரி ஒரு மணிக்குப் போட்டால் எவ்வளவு காட்டும் என்று எழுந்து உட்கார்ந்து பார்க்கிறேன். பயமாக இருக்கிறது, கண்ணு. அவ்வளவுதான். பாடம் நடத்துவது மாதிரி இவ்வளவு எழுதியது அதற்காகத்தான்.

நீ வர முடியாதென்றால் நான் அங்கே வருகிறேன். அப்பா சமாளித்துக்கொள்வார், சோறு மட்டும் வைக்கத் தெரிந்தால் போதும், சாறு பக்கத்து வீட்டிலிருந்து வந்துவிடும். உன் வீட்டில் எனக்கு ஒரு பாய் போட இடம் இருக்குமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். அத்தியாயத்தில் 14-ஆம் பக்கத்தில் ஒரு படத்துக்குக் கீழே அளவுகோல் போடவில்லை, அதைச் சேர்த்துவிடு. அடுத்த ஸ்கேன் எந்தத் தேதி என்று டாக்டர் சொன்னார்? வேறு எதையும் எழுத வேண்டாம், அதையாவது எழுது.

அம்மா